கேட்கிறது

காலை நாலரை. ஜனவரி.
விடிவதற்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது.
ஃபியோர்டின் கறுப்புத் தண்ணீரில் ஒரு படகு விளக்கு,
நகர்கிறதா நிற்கிறதா, சொல்ல முடியவில்லை.
என் திரையின் அடிவரியும் அப்படித்தான்:
இணைக்கிறேன், புள்ளி, புள்ளி, புள்ளி.

மலைமேல் தகரக் குடிலில் ஒரு கணினி
பனியின் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறது.
காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது.
எச்சரிக்கை எண்ணை நூற்றிருபதிலிருந்து
தொண்ணூறுக்கு இறக்க வேண்டும்.
இந்த எடிட்டரை விட்டு எழுந்திருக்காமலே
அங்கே உள்ள கோப்பைத் திறந்து, மூன்று இலக்கம் அழித்து,
இரண்டு இலக்கம் எழுதிச் சேமித்தால் போதும்.
காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

காப்பி ஆறிவிட்டது.

காற்றைச் சந்தேகித்தேன். பிறகு கோபுரத்தை.
பிறகு எடிட்டரின் ஞாபகத்தை:
போன மாதத்துப் பழைய கடவுச்சொல்லை
எங்கேயாவது பத்திரப்படுத்தி வைத்திருக்கும்,
அதையே பிடிவாதமாக நீட்டிக்கொண்டிருக்கும் என்று
எல்லாவற்றையும் மற என்ற கட்டளையை இட்டேன்.
மறந்தது, கீழ்ப்படிதலோடு.
மறந்துவிட்டு மறுபடியும் புள்ளி, புள்ளி, புள்ளி.

எடிட்டரை விட்டு வெளியே போய்
வெறும் டெர்மினலில் தட்டிப் பார்த்தேன்.
கேட்டது. சொன்னேன். கதவு திறந்தது.
இதில் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை
என்று மூடிவிட்டு வந்தேன். இங்கேதான் தவறினேன்.

போன் அடித்தது. கெட்டில்.
பனிவாரி வண்டியின் எஞ்சின் உறுமல் அவனுக்கு முன்னால் வந்தது.
"ஹால்பேரா, ரோட்டை மூடட்டுமா?"
"பொறு" என்றேன்.
அவன் போனை வைக்கவில்லை. எஞ்சினை அணைக்கவில்லை.

எடிட்டரை இன்னும் விரிவாகப் புலம்பச் சொல்லி
எண்ணை ஆறுக்கு ஏற்றினேன். பக்கம் பக்கமாகக் கொட்டியது:
அனுப்பினேன், வந்தது, பார்த்தேன், பொருந்தவில்லை,
பார்த்தேன், பொருந்தவில்லை.
கடைசி வரியில்
லிக்கிலோர் என்று வந்து
கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
303, 260 என்று இரண்டு எண்கள்
பல் விழுந்த ஈறு மாதிரி.

கடவுச்சொல். என் மொழியில்.
வியாழக்கிழமை, புதுப்பித்தபோது,
எந்த மொழி வேண்டும் என்று குடில் கேட்டதும்
இந்த மலைக்கு எதற்கு இங்கிலீஷ் என்று
பெருமையாக ஐஸ்லாந்திக்கைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.
டெர்மினலில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன்.
பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி,
கண்ணில் படவே இல்லை.

ஆக, மேலே அது கேட்டது.
இங்கே இது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.
கேள்வி வரும், வந்ததும் உன்னை எழுப்புகிறேன் என்று
கேள்வியின் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு.

எடிட்டரிடம் ஒரு பட்டியல் உண்டு,
எந்தெந்தச் சொல் வந்தால் அது கேள்வி என்று.
என்னுடையது பழைய பதிப்பு. திறந்து பார்த்தேன்.
டச்சு இருந்தது, ஃபின்னிஷ் இருந்தது,
சுழித்துச் சுழித்து எழுதிய, எனக்கு வாசிக்கத் தெரியாத
ஏதோ தெற்கத்தி எழுத்தில் ஒன்றுகூட இருந்தது.
நம்முடையது இல்லை.
கடைசியில் சேர்த்தேன். மேற்கோள் குறி, சொல், மேற்கோள் குறி.
எழுத்துக்குறியாக்கத்தையும் திருத்தினேன்,
விழுந்த பல் முளைத்தது.

அடிவரி கண் விழித்துக் கேட்டது.
பதினான்கு எழுத்தும் நட்சத்திரங்களாக விழுந்தன.
கோப்பு விரிந்தது. 120. அழித்தேன். 90.
சேமித்த அடுத்த நொடி குடில் சிவப்பாகச் சொன்னது:
தொண்ணூற்று ஏழு.

"கெட்டில், மூடு."

"யாய்யா" என்றான்.
எங்கள் ஊரில் அதற்குச் சரி என்று பொருள்,
போதும் என்றும், போகலாம் என்றும்,
இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்றும்.
எதைச் சொன்னான் என்று தெரியவில்லை.
எஞ்சின் சத்தம் தூரமாகும்வரை
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.